நடுங்கும் கையும் பொய் சொல்லும் வாயும்

வாசகர் கேள்வி – பதில்

இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலிருந்து இந்த மாதம் வந்த கடிதங்களில் ஏழு, ஒரே பொருளைப் பற்றியவை. ஒரு மீனவக் கிராமத்தில் இரண்டு வல்லங்களின் அவுட்போர்டு என்ஜின்கள் இரவோடு இரவாகக் காணாமல் போனதும், அதையொட்டி ‘பொய் கண்டறியும் கருவி’ என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியதும் இதற்குக் காரணம் என்று கடிதங்களிலிருந்தே தெரிகிறது. ஆகவே இந்த இதழின் பகுதி முழுவதையும் அந்தக் கருவிக்கே ஒதுக்கிவிட்டோம்.

கேள்வி: நாளிதழ்களில் ஒரு நாள் ‘பொய் கண்டறியும் சோதனை’ என்றும், மறுநாள் அதே வழக்கில் ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்றும் அச்சிடுகிறார்கள். இரண்டும் ஒன்றா? ‘பாலிகிராப்’ என்ற சொல்லின் பொருள் என்ன?
– போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி, கீழக்கரை.

பதில்: இந்தக் குழப்பத்தை உண்டாக்கியவர்கள் பத்திரிகைக்காரர்களாகிய நாங்கள்தான். ‘உண்மை கண்டறியும் சோதனை’ என்ற ஒரே பெயரின் கீழ் மூன்று வெவ்வேறு சோதனைகளை எழுதிப் பழகிவிட்டோம். முதலாவது பாலிகிராப்; ‘பொய் கண்டறியும் சோதனை’ என்பது இதுதான். இதில் உடலுக்குள் எந்த மருந்தும் செலுத்தப்படுவதில்லை, மூச்சு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, தோலின் வியர்வை ஆகியவை மட்டும் அளக்கப்படுகின்றன. இரண்டாவது நார்கோ சோதனை. சோடியம் பென்டத்தால் போன்ற மருந்தை ஊசி வழியே ஏற்றி, ஆளை அரை மயக்கத்தில் வைத்துக் கேள்வி கேட்பது. மூன்றாவது, தலையில் மின்வாய்களைப் பொருத்தி மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்வது. தேர்வில் கேட்டால் இந்த மூன்றையும் பிரித்து எழுதுங்கள்.

‘பாலி’ என்பது ‘பல’ என்றும், ‘கிராப்’ என்பது ‘எழுதுவது, வரைவது’ என்றும் பொருள்படும் கிரேக்கச் சொற்கள். 1803-ஆம் ஆண்டில் இதே பெயரில் காப்புரிமை பெற்ற கருவி வேறொன்று: ஒரு பேனாவால் கடிதம் எழுதும்போது, அதனுடன் பிணைக்கப்பட்ட இன்னொரு பேனா பக்கத்துத் தாளில் அதே கடிதத்தை நகலெடுக்கும். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெஃபர்சன் அதை விரும்பிப் பயன்படுத்தினார். பின்னர், நாடியையும் மூச்சையும் ஒரே தாளில் பல கோடுகளாக வரையும் மருத்துவக் கருவிக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்தது. தமிழில் சொல்வதானால் ‘பல்வரைவி’ எனலாம். அந்தப் பெயரில் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பல கோடுகள் மட்டுமே இருக்கின்றன. கருவியைக் குறித்து நான் படித்தவற்றில் மிக நேர்மையானது இந்தப் பெயர்தான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

கேள்வி: ஒருவர் மனத்துக்குள் இருக்கும் பொய் இயந்திரத்துக்கு எப்படித் தெரிகிறது?
– நாட்டுப்படகு மீனவர், தங்கச்சிமடம்.

பதில்: தெரிவதில்லை. இயந்திரத்துக்குத் தெரிவது உடலின் பதற்றம் மட்டுமே. அது பொய்யால் வந்த பதற்றமா என்பதை முடிவு செய்வது எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர்.

சோதனைக்கு உட்படுபவரை அமைதியான அறையில், நாற்காலியில் அசையாமல் உட்கார வைப்பார்கள். மார்பைச் சுற்றி ஒன்றும் வயிற்றைச் சுற்றி ஒன்றுமாக மூச்சை அளக்கும் பட்டைகள், மேற்கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை, இரண்டு விரல்களில் சிறிய உலோகத் தகடுகள் ஆகியவற்றைப் பொருத்துவார்கள். விரல்களுக்கிடையே உணர முடியாத அளவு மிக மெல்லிய மின்சாரம் செல்லும்; வியர்வை உப்புநீர் என்பதால், விரல் சற்றே வியர்த்தாலும் மின்சாரம் எளிதாகக் கடந்துபோகும். இவை எல்லாம் முன்பு உருளும் தாளில் மைக்கோடுகளாக விழுந்தன. இப்போது கணினித் திரையில் ஓடுகின்றன.

பலருக்குத் தெரியாத செய்தி, கேட்கப்போகும் கேள்விகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்துக் காட்டிவிடுவார்கள் என்பதாகும். அதற்கு முந்தைய பேச்சு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீள்வதும் உண்டு. சோதனையின்போது ‘ஆம்’, ‘இல்லை’ என்ற இரண்டு பதில்களுக்கே இடமுண்டு. ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் இடையே, உடல் பழைய நிலைக்குத் திரும்புவதற்காக ஏறக்குறைய அரை நிமிடம் இடைவெளி விடுவார்கள். அதே கேள்விகளை மறுபடியும் மறுபடியும் சில சுற்றுகள் கேட்பார்கள்.

கேள்விகளிலும் மூன்று வகை உண்டு. ‘இன்று செவ்வாய்க்கிழமையா?’ என்பது போன்ற சாதாரணக் கேள்வி ஒன்று. ‘அந்த என்ஜினை நீ எடுத்தாயா?’ என்ற நேர்க்கேள்வி இரண்டாவது. மூன்றாவதுதான் சூட்சுமம்: ‘வாழ்க்கையில் எப்போதாவது அடுத்தவர் பொருளை எடுத்திருக்கிறாயா?’ என்பதைப் போன்ற, யாரையும் சற்றுச் சங்கடப்படுத்தும் கேள்வி. குற்றம் செய்யாதவனுக்கு இந்தப் பொதுக் கேள்வி அதிகம் உறுத்தும் என்றும், செய்தவனுக்கு நேர்க்கேள்வி அதிகம் உறுத்தும் என்றும் எதிர்பார்த்து இரண்டையும் ஒப்பிடுகிறார்கள். இந்த எதிர்பார்ப்பின் மேல்தான் முழுக் கட்டடமும் நிற்கிறது. ஆனால் என்ஜின் களவு போன ஊரில், போலீஸ் கூட்டிச்சென்ற ஒருவருக்கு, அவர் அதைத் தொடாதவராகவே இருந்தாலும், எந்தக் கேள்வி நெஞ்சைப் பிடிக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உங்கள் தொழிலிலேயே இதற்கு ஓர் ஒப்புமை இருக்கிறது. விசைப்படகுகளில் எக்கோ சவுண்டர் வைத்திருக்கிறார்கள் அல்லவா? கீழே ஏதோ இருக்கிறது என்பதைத் திரையில் நிழலாக அது காட்டும். அது மீன் கூட்டமா, கடலடிப் பாறையான பாரா என்பதைச் சொல்வது அந்தக் கடலை அறிந்த டிரைவர். அவரும் சில நாள் ஏமாந்து வலையைப் பாரில் கிழித்துக்கொண்டு வருவதுண்டு. பாலிகிராப் திரையில் எழும் கோடும் அப்படிப்பட்ட நிழல்தான். பயம், கோபம், அவமானம், பசி, தூக்கமின்மை எல்லாம் ஒரே மாதிரி நிழலையே காட்டும். பொய்க்கென்று உடலில் தனியாக ஓர் அடையாளம் இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை.

கேள்வி: இதைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு மாணவன் கேட்டான். இணையத்தில் தேடினால் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு பெயர் வருகிறது.
– பள்ளி ஆசிரியர், தொண்டி.

பதில்: எல்லாப் பெயர்களுமே ஓரளவுக்குச் சரிதான். 1895-ஆம் ஆண்டிலேயே இத்தாலியரான லொம்புரோசோ, சந்தேகத்துக்குரியவர்களை விசாரிக்கும்போது நாடித்துடிப்பை அளந்து பார்த்தார். அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மார்ஸ்டன் 1910-களில் இரத்த அழுத்தத்தைக் கொண்டு பொய்யைக் காண முயன்றார். 1921-இல், கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரப் போலீஸ்காரரும் உடலியலில் முனைவர் பட்டம் பெற்றவருமான ஜான் லார்சன், மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் தொடர்ந்து ஒரே தாளில் பதியும் கருவியை அமைத்தார். அவர் முதலில் எடுத்துக்கொண்ட வழக்குகளில் ஒன்று, கல்லூரி மாணவியர் விடுதியில் நடந்த சில்லறைத் திருட்டு. (அங்கே அவர் சோதித்த பெண்களில் ஒருவரையே பின்னர் மணந்துகொண்டார் என்பதை மாணவனிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம்.) அவருடன் பணியாற்றிய லியோனார்டு கீலர் தோலின் வியர்வையை அளக்கும் பகுதியைச் சேர்த்து, பெட்டிக்குள் அடக்கி, ஊர் ஊராகக் கொண்டுசென்று புகழ் தேடிக்கொடுத்தார். லார்சனோ, தாம் உருவாக்கிய கருவி ஆட்களை மிரட்டி ஒப்புக்கொள்ள வைக்கும் ஆயுதமாகிவிட்டதைக் கண்டு முதுமையில் மனம் கசந்தார்.

மாணவனுக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. ‘வொண்டர் வுமன்’ என்ற சித்திரக்கதை நாயகியைப் படைத்தவர் மேலே சொன்ன மார்ஸ்டன்தான். அவள் கையிலுள்ள கயிற்றால் கட்டப்பட்டவர் உண்மையைத் தவிர வேறொன்றும் பேச முடியாது. ஆய்வுக்கூடத்தில் கைக்கு வராததை அவர் கதையில் வரவழைத்துக்கொண்டார். ஏனென்றால் நீதிமன்றம் அவருக்கு இடம் தரவில்லை. ஒரு கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் உண்மையே பேசுகிறார் என்று தம் சோதனை காட்டுவதாக அவர் சாட்சி சொல்ல முன்வந்தபோது, அத்துறை அறிஞர்களால் பொதுவாக ஏற்கப்படாத முறையைச் சான்றாகக் கொள்ள முடியாது என்று வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1923-இல் மறுத்துவிட்டது.

கேள்வி: எங்கள் ஊரில் இரண்டு என்ஜின்கள் களவுபோயின. கடலுக்குப் போகும் ஆண்கள் ஏறக்குறைய 200 பேர். எல்லாரையும் இந்தக் கருவியில் உட்கார வைத்துவிட்டால் பிரச்சினை தீரும் என்று ஊர்க்கூட்டத்தில் பேசியிருக்கிறோம். தனியார் யாரேனும் கருவியுடன் வருவார்களா?
– கிராமக் கமிட்டி உறுப்பினர் (ஊர்ப்பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்).

பதில்: ஐயா, தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். காரணத்தைக் கணக்காகவே சொல்லிவிடுகிறேன். அந்தக் கருவி நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் சொல்லும் என்று, பேச்சுக்காக, தாராளமாகவே வைத்துக்கொள்வோம். உங்கள் 200 பேரில் எடுத்தவர் ஒருவர். எடுக்காதவர்கள் 199 பேர். பத்துக்கு ஒன்று தவறினால், அந்த 199 பேரில் ஏறக்குறைய 20 பேர் மீது ‘பொய்’ என்று விழும். உண்மையில் எடுத்தவரும் சிக்கினார் என்றே கொள்வோம். மொத்தம் 21 பெயர்கள் உங்கள் கையில் இருக்கும். அவற்றில் 20 பெயர்கள் குற்றமற்றவர்களுடையவை. அந்த 20 குடும்பங்களின் நிலை, அதன் பிறகு அந்தக் கரையில் எப்படி இருக்கும்?

இது என் சொந்தக் கணக்கு. இதே தோரணையில் பெரிய கணக்கு ஒன்றை அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு 2003-ஆம் ஆண்டு அறிக்கையில் போட்டுக் காட்டியது. 10,000 பணியாளர்களுக்குள் 10 உளவாளிகள் ஒளிந்திருப்பதாகக் கொண்டு, அவர்களில் 8 பேரைப் பிடிக்கும் அளவுக்குச் சோதனையைக் கடுமையாக்கினால், அவர்களோடு சுமார் 1,600 அப்பாவிகளும் வலையில் விழுவார்கள் என்று அது சொன்னது. பெருங்கூட்டத்தில் ஓரிருவரைத் தேடி எடுக்க இந்தக் கருவி ஏற்றதன்று என்பதே அதன் முடிவு.

உங்கள் கடிதம் எனக்கு ஒரு பழைய நிகழ்ச்சியை நினைவூட்டியது. தேவிபட்டினத்துக்கு வடக்கே, என் தாய்வழிப் பாட்டியின் ஊரில், நான் சிறுவனாக இருந்தபோது ஒரு சம்மாட்டியின் (படகு உரிமையாளரின்) புது நைலான் வலை காணாமல் போயிற்று. சந்தேகத்துக்குரிய ஏழெட்டுப் பேரை அம்மன் கோயில் வாசலில் வரிசையாக நிறுத்தி, சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னார்கள். ஆறு பேர் அணைத்துவிட்டுப் போனார்கள். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் கை நடுங்கியது. சூடம் தரையில் விழுந்தது. வலை கிடைக்கவே இல்லை. யார் எடுத்தது என்பதும் கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அந்தப் பையனுக்கு அன்றே பெயர் விழுந்துவிட்டது. அவன் கலியாணம் இரண்டு முறை தட்டிப்போனதையும், பிறகு அவன் ஊரை விட்டே போனதையும் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவனுக்குச் சாதாரணமாகவே தேநீர்க் குவளையைப் பிடித்தாலும் கை நடுங்கும் என்பதையும் அவள்தான் சொன்னாள்.

பாலிகிராப்புக்கும் அந்தச் சூடத்துக்கும் அடிப்படை ஒன்றுதான். பழைய தரும நூல்கள் களவு வழக்குக்கென்று சொல்லும் அரிசி மெல்லும் சோதனைக்கும் அதுதான் அடிப்படை. பயந்தவன் வாயில் எச்சில் ஊறாது. ஆகவே அரிசி மசியாது. பயத்தை அது சரியாகவே காட்டியிருக்கும். பயந்தவனெல்லாம் கள்வன் என்ற அடுத்த படியில்தான் கால் இடறுகிறது. சுசீந்திரம் கோயிலில் நம்பூதிரிகளைக் கொதிக்கும் நெய்யில் கைவிடச் செய்த ‘கைமுக்கு’ சோதனையைத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 19-ஆம் நூற்றாண்டிலேயே நிறுத்திவிட்டார். அதைவிட நாகரிகமானது என்று எண்ணி நீங்கள் இந்தக் கருவியைக் கொண்டுவர நினைக்கிறீர்கள். கை வேகாது என்பது உண்மைதான்.

என்ஜின்களின் வரிசை எண்கள் வாங்கிய ரசீதில் இருக்கும். அவற்றைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்து, முதல் தகவல் அறிக்கையின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய என்ஜின் வாங்கி விற்கும் கடைகளுக்கும் பட்டறைகளுக்கும் அந்த எண்களைத் தெரியப்படுத்துங்கள். 200 பேரின் நாடியைப் பிடிப்பதைவிட அது பயன் தரும்.

கேள்வி: கைப்பேசியில் விரலை வைத்தால் உண்மையா பொய்யா என்று சொல்லும் செயலி இருக்கிறதே, அது சரியா?
– பிளஸ் டூ மாணவர், மண்டபம்.

பதில்: விளையாட்டு. அந்தத் திரை உங்கள் வியர்வையையும் அளக்கவில்லை, மூச்சையும் அளக்கவில்லை. நண்பர்களுக்குள் சிரிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தங்கையின் உண்டியல் காசு விவகாரத்துக்கெல்லாம் அதை நீதிபதியாக்க வேண்டாம்.

கேள்வி: பயந்த அப்பாவி மாட்டுவான் என்கிறீர்கள். நெஞ்சழுத்தக்காரன் தப்பிவிடுவானா?
– மளிகைக் கடைக்காரர், ஏர்வாடி.

பதில்: தப்பியிருக்கிறார்கள். அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ.-வில் இருந்துகொண்டே சோவியத் நாட்டுக்கு இரகசியங்களை விற்ற ஆல்ட்ரிச் ஏம்ஸ், 1986-இலும் 1991-இலும் பாலிகிராப் சோதனையில் தேறினார்; 1994-இல்தான் பிடிபட்டார். சோதனைக்கு எப்படித் தயாராவது என்று அவர் கேட்டபோது, நன்றாகத் தூங்கிவிட்டுப் போ, சோதிப்பவரிடம் இனிமையாகப் பழகு என்பதே அவருடைய சோவியத் எசமானர்கள் சொன்ன யோசனை. வாஷிங்டன் மாநிலத்தில் தொடர்கொலைகள் செய்த கேரி ரிட்ஜ்வே 1984-இல் இச்சோதனையில் தேறி வெளியே வந்தார். 2001-இல் மரபணுச் சான்றால் கைதாகி, 2003-இல் 48 கொலைகளை ஒப்புக்கொண்டார்.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் ஒருபக்கமாகப் பேசியவனாவேன். இதே கருவியைக் கொண்டு செய்யப்படும் வேறொரு முறைக்கு அறிஞர்களிடையே ஓரளவு மதிப்பு உண்டு. ஜப்பான் போலீசார் அதையே பெரிதும் கையாளுகிறார்கள். அதில் ‘நீ எடுத்தாயா?’ என்று கேட்பதில்லை. களவுபோன என்ஜின் ஓரிடத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்தது என்றும், அந்த இடம் போலீசாருக்கும் எடுத்தவனுக்கும் மட்டுமே தெரியும் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ‘உப்பளத்திலா? சீமைக் கருவேலங் காட்டிலா? பனையோலைக் குவியலுக்கு அடியிலா? பாழுங்கிணற்றிலா?’ என்று வரிசையாகக் கேட்பார்கள். ஒன்றுமறியாதவனுக்கு நான்கும் ஒன்றே. அவன் பயந்தாலும் நான்குக்கும் ஒரே அளவில்தான் பயப்படுவான். இடத்தை அறிந்தவனுக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லில் உடல் விழித்துக்கொள்ளும். ஆனால் மறைவிடம் ஏற்கெனவே தேநீர்க்கடைப் பேச்சாகியிருந்தால் இந்த முறையும் பயனற்றதாகிவிடும். நம் கரையோர ஊர்களில் எந்தச் செய்தி எவ்வளவு நேரம் இரகசியமாக இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததா?

கேள்வி: ஒரு வழக்கில் என் தம்பியை விசாரணைக்கு அழைத்திருக்கிறார்கள். ‘உண்மை கண்டறியும் சோதனைக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடு, மாட்டேன் என்றால் நீதான் செய்தாய் என்று ஆகிவிடும்’ என்கிறார்களாம். அவன் போட வேண்டுமா? எனக்கு இரவில் தூக்கமில்லை.
– ஒரு சகோதரி, பாம்பன்.

பதில்: அம்மா, உங்கள் தம்பி கட்டாயம் கையெழுத்திட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2010-ஆம் ஆண்டு மே 5-ஆம் தேதி, ‘செல்வி – கர்நாடக அரசு’ என்ற வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, பாலிகிராப், நார்கோ, மூளைச் சோதனை ஆகிய மூன்றில் எதையும் யார் மீதும் அவருடைய விருப்பத்துக்கு மாறாக நடத்தக்கூடாது என்று தீர்ப்பளித்தது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி எவரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்ற அரசமைப்புச் சட்டத்தின் 20(3) பிரிவும், உயிருக்கும் தனிமனித உரிமைக்கும் காப்பளிக்கும் 21-ஆம் பிரிவும் அதற்கு அடிப்படை. மௌனமாக இருப்பது உரிமை என்றால், மறுப்பதும் அந்த உரிமைக்குள் அடங்கியதே. மறுத்தார் என்பதைக் கொண்டு குற்றவாளி என்று நீதிமன்றம் முடிவு செய்துவிட முடியாது.

அவர் தாமே விரும்பிச் சம்மதித்தாலும், காவல் நிலையத்தில் ஒரு தாளில் வாங்கும் கையெழுத்து போதாது. தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ஆம் ஆண்டில் வகுத்து, உச்ச நீதிமன்றம் மேற்படி தீர்ப்பில் உறுதிசெய்த நெறிகளின்படி, அந்தச் சம்மதம் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) முன்பாகப் பதியப்பட வேண்டும். அதற்கு முன் அவர் வழக்கறிஞரைச் சந்தித்து, சோதனையால் உடலுக்கும் மனத்துக்கும் சட்டப்படியும் என்ன நேரும் என்பதை அறிந்திருக்க வேண்டும். நடுவர் முன்பு அவருக்காக வழக்கறிஞர் இருக்க வேண்டும். சோதனையைக் காவல்துறை தானே நடத்தாமல், சார்பற்ற ஓர் அமைப்பு, வழக்கறிஞர் முன்னிலையில், எல்லாவற்றையும் பதிவு செய்து நடத்த வேண்டும். திருச்சியில் 2012-இல் நடந்த ராமஜெயம் கொலை வழக்கிலும், பத்தாண்டுகள் கழித்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு, சம்மதம் தெரிவித்த 12 பேரிடமே சென்னையில் இச்சோதனை நடத்தப்பட்டது. அவ்வளவு பெரிய வழக்குக்கே அந்த நடைமுறை தேவைப்பட்டது.

சோதனையின் முடிவைச் சான்றாக நீதிமன்றத்தில் வைக்க முடியாது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். ஆனால் ‘அதனால் ஒன்றும் ஆகாது, போட்டுவிடு’ என்று யாரேனும் சொன்னால் அதுவும் முழு உண்மையன்று. விருப்பத்தோடு உட்பட்ட சோதனையின் போக்கில் கிடைத்த தகவலைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்பு சான்றாகலாம். பழைய இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவாக இருந்த அந்த விதி, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 23-ஆம் பிரிவுக்குள் இடம்பெற்றிருக்கிறது. ஆகவே வழக்கறிஞரிடம் பேசாமல் சம்மதிப்பதும் தவறு. அவரிடம் கேட்காமல் கோபத்தில் மறுத்துப் பேசுவதும் வேண்டாம். ‘என் வழக்கறிஞரைக் கலந்து, நடுவர் முன்பாகச் சொல்கிறேன்’ என்று தம்பி பணிவாகச் சொன்னால் போதும்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். இராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கட்டணமில்லாமல் வழக்கறிஞரை அமர்த்தித் தருவார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கும், காவலில் வைக்கப்பட்டவர்களுக்கும், பெண்களுக்கும் 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி அந்த உரிமை உண்டு. நேரில் செல்லும்முன் 15100 என்ற தேசிய உதவி எண்ணில் பேசலாம். போகும்போது தம்பிக்கு வந்த அழைப்பாணையையும், அவர் ஏதேனும் மருந்து உட்கொள்கிறவரானால் அதன் மருத்துவச் சீட்டையும் மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.